விடுதியில் வளரும் பிள்ளை யாருடையது?

பிள்ளைக்குப் பள்ளி தேடுதல் எளிய காரியம் என்று எண்ணுவோர், பிள்ளை பெறாதவராகவேனும், பெற்ற பிள்ளையின் முகம் பார்த்துப் பேசாதவராகவேனும் இருத்தல் வேண்டும். சொந்தத் தெருவிலுள்ள இரண்டு பள்ளிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே பெற்றோருக்குப் பல நாள் உறக்கத்தைக் கெடுக்கின்றது. அங்ஙனமிருக்க, கடலும் மொழியும் கடந்து, முன்பின் அறியாதாரிடம், பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் படுக்கையும் பெட்டியுமாக ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதென்றால், அதன் பாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தப் பாரத்தை இன்று மேற்கொள்ளுவோருள் சீன தேசத்துப் பெற்றோர் முன்னணியில் நிற்கின்றனர். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியதோடு அவர்கள் நில்லவில்லை. செலவு குறைவு, தெருவில் சீனமொழி வழங்குகின்றது, ஆங்கிலப் படிப்பும் கிடைக்கின்றது என்னும் காரணங்களால் மலேசியாவையும் நாடி வருகின்றனர். விமான நிலையத்து விரைவு ரயில் 2002 முதல் வந்து நிற்குமிடம் நம் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையமே. பெரிய பெட்டியைத் தாய் இழுக்க, சிறிய பெட்டியைப் பிள்ளை இழுக்க, பள்ளி விளம்பரப் புத்தகத்தைக் கையிலேந்தித் தரகர் முன்னே நடக்க, அந்நிலையத்தினின்று வெளிப்படும் குடும்பங்களை நம் பூக்கடைக்காரரும் பலகாரக் கடைக்காரரும் கண்டிருத்தல் கூடும்.

"சீனப் பிள்ளைக்குப் பள்ளி தேடும் கவலை தமிழ்ப் பத்திரிகைக்கு எதற்கு?" என்று வாசகர் சிலர் வினவலாம். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரையே அவர்கள் சற்று எண்ணிப் பார்ப்பாராக. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நெருப்பாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அதன்பின் அத்தாப்புக் குடிசைகளை ஒழித்துச் செங்கல்லால் வீடு கட்டவேண்டுமென்று ஆட்சியாளர் வற்புறுத்தினர். சூளைகள் எழுந்தன. அத்தொழிலில் முன்னின்றவர் சீனர் தலைவரான யாப் ஆ லோய். பின்னர் ரயில்வே வந்தது. தமிழ்த் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் சூளை நிலத்தில் குடியேறினர். 1893இல் விக்டோரியா கல்விச்சாலை தோன்றியபோது, அதை நிறுவியோர் வரிசையில் சீனராகிய யாப் குவான் செங்கும் லோக் யூவும் தமிழராகிய தம்புசாமிப் பிள்ளையும் ஒருங்கே நின்றனர். பள்ளி விஷயத்தைச் சீனரும் தமிழரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுதல் இவ்வூருக்குப் புதிதன்று. மேலும், இக்கேள்வி சீனருக்கு மட்டும் உரியதுமன்று. தோட்டத்துப் பிள்ளையை மேற்படிப்புக்காகப் பட்டணத்து உறவினர் வீட்டில் விட்ட நம்மவர் எத்தனை பேர்! 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளி வேண்டுமென்றது. அப்பள்ளியோ சில வகுப்புகளோடு முடிந்துவிடும். அதன்மேல் படிக்க விரும்பிய பிள்ளை வீட்டை விட்டுப் போயே தீரவேண்டும். சீனச் செல்வருக்குத் 'தகுந்த பள்ளி எது?' என்பது கேள்வி. தோட்டத் தொழிலாளிக்குப் 'படுக்க இடம் எவர் தருவார்?' என்பதே கேள்வியாக இருந்தது. தெரிந்தெடுக்கும் உரிமை உடையோரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம் எனினும், அவ்வுரிமை எல்லார்க்கும் வாய்த்ததன்று என்பதை முதற்கண் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது.

பெற்றோர் தரகரிடம் கேட்கும் கேள்விகள் எவை? தேர்வில் எத்தனை பேர் தேறினர், கட்டணம் யாது, இங்கிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், குதிரையேற்றம் உண்டா, நீச்சற்குளம் உண்டா என்பன. இவை தவறான கேள்விகளல்ல. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்கவேண்டியது ஒன்றுண்டு: அவ்விடுதியின் கதவு மூடியபின், உள்ளே அப்பிள்ளை யாருடையவன்? பெற்றோருடையவனா, பள்ளியினுடையவனா, அல்லது தனக்கே உரியவனா? இதனைக் கேளாதவர், பள்ளியைத் தேடவில்லை. பெட்டகத்தைத் தேடுகின்றனர் என்பதே நம் கருத்து.

சீனர் மரபில் இதற்கொரு பழங்கதையுண்டு. மென்சியஸ் என்னும் ஞானியின் தாய், மகனை வளர்ப்பதற்காக மும்முறை வீடு மாறினாளாம். இடுகாட்டருகே குடியிருந்தபோது பிள்ளை இழவுச் சடங்கு ஆடிக் காட்டினான். சந்தையருகே சென்றபோது விலை கூவி விளையாடினான். பள்ளியருகே சென்றபின்பே படிப்பில் மனம் வைத்தான் என்பர். சூழ்நிலையே பிள்ளையை ஆக்கும் என்பதற்கு இக்கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். நாம் கவனிப்பது வேறு. அத்தாய் மகனை அனுப்பவில்லை. தானும் உடன் சென்றாள். இன்றைய சீனத் தாய்மாருள்ளும் பிள்ளையோடு அயல்நாடு சென்று வாடகை வீட்டிலமர்ந்து படிக்கவைப்பவர் பலர். 'உடனிருந்து படிக்கவைக்கும் தாய்' என்றே சீன மொழியில் அவர்களுக்கு ஒரு பெயர் வழங்குகின்றது. தந்தைக்கு அப்படியொரு பெயர் பரவலாக வழங்காததைப் பெண்ணுரிமை பேசுவோர் கவனிப்பாராக. மகன் கல்விக்காக மனைவியின் தொழிலும் தோழமையும் பல ஆண்டு கடலில் கரைக்கப்படுவதைத் தியாகமென்று புகழ்வது எளிது. அது அவளைக் கேட்டுச் செய்யப்பட்டதா என்பதை விசாரிப்பாரைக் காணோம்.

நிற்க. நம் ஊரிலேயே நடந்த ஒன்றைக் காண்போம். மேலே குறித்த லோக் யூ, பதின்மூன்று வயதளவில் சீனாவினின்று சிங்கப்பூர் வந்து, கடையில் வேலைக்கமர்ந்து, பின் ஈயத்தாலும் பிறவாற்றாலும் பெருஞ் செல்வரானவர். 1917இல் அவர் இறந்தபோது மகன் லோக் வான் தோ கைக்குழந்தைப் பருவம் கடந்தவன் அல்லன். அம்மகன் விக்டோரியா கல்விச்சாலையில் படித்து, 1929இல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே நகரத்து விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். தந்தை வீடு நீங்கிய அதே வயதளவில் மகனும் நீங்கினான். தந்தை கடை பெருக்கப் போனார், மகன் ஏரிக்கரைப் பள்ளிக்குப் போனான் என்பதே வேறுபாடு. அவன் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று இலக்கியமும் சரித்திரமும் கற்று, மலாயா திரும்பி, சினிமாக் கொட்டகைகளுக்கும் படக்கம்பெனிக்கும் தலைவரானான். யுத்தத்தில் கப்பல் குண்டுவீச்சுக்குள்ளாகித் தீக்காயத்தோடு தப்பி, இந்தியா சேர்ந்து, பறவை அறிஞர் சலீம் அலியின் நண்பனாகி, பறவைகளைப் படம்பிடிப்பதில் உலகப் பெயர் பெற்றான். 1964இல் தைவானில் விமான விபத்தில் மாண்டான்.

இச்சரித்திரத்தைக் காட்டி, "பாருங்கள், அயல்நாட்டு விடுதி எவ்வளவு நன்மை செய்தது!" என்று தரகர் பேசலாம். நாம் அதற்கு உடன்படோம். அவன் திரும்பி வந்தபோது கதவைத் திறந்துவிடத் தந்தையின் மாளிகை இருந்தது. அமர்வதற்கு நாற்காலி இருந்தது. பெருஞ்செல்வரின் மகன் எந்தப் பள்ளியில் படித்தாலும் திரும்பும் வழி அவனுக்கு அடைபடுவதில்லை. வீட்டை விற்றுக் கட்டணம் செலுத்தும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வுதாரணம் பயன்படாது. அவன் பொருட்டு நாம் வேறிடத்தில் தேடவேண்டும்.

அயல்நாட்டில் படித்த சீன மாணாக்கருள் முன்னோடியான யுங் விங்கின் வாழ்க்கை அதற்கு உதவும். குவாங்துங் மாகாணத்து ஏழைக் குடியானவரின் மகன். 1835இல், ஏழு வயதில், மகாவோவில் பாதிரியார் ஒருவரின் மனைவி நடத்திய பள்ளியில் தகப்பனார் அவனைச் சேர்த்தார். சிறுவன் செய்த முதற்காரியம் யாது? தன்னோடிருந்த சிறுமியர் சிலரையும் சேர்த்துக்கொண்டு படகேறித் தப்பியோட முயன்றதுதான்! பிடிபட்டான், தலையில் காகிதத் தொப்பி மாட்டி, மேசைமீது நிற்கவைத்து, எல்லாரும் காணத் தண்டித்தனர். முதுமையில் தாமே எழுதிய சரிதத்தில் இந்த அவமானத்தை அவர் மறவாது குறித்துள்ளார். வயது எண்பதை நெருங்கியும், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும், பேரரசின் தூதராக இருந்தும், அந்த மேசையினின்று அவர் முற்றும் இறங்கவில்லை என்று நமக்குத் தோன்றுகின்றது.

பின்னர் 1847இல் ஓர் ஆசிரியரோடு அமெரிக்கா சென்று, மாசச்சூசெட்ஸில் பள்ளிப்படிப்பும் யேல் கலாசாலையில் மேற்படிப்பும் முடித்து, 1854இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கலாசாலையில் பட்டம் பெற்ற முதற் சீனர் அவரே. ஊர் திரும்பியபோது தாய்மொழி நாவில் தடுமாறியது. மாதக் கணக்கில் மீண்டும் அதைப் பயிலவேண்டியதாயிற்று. தாயைக் காணச் சென்றார். பட்டம் என்றால் என்னவென்று அவர் விளக்க, அதற்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று தாய் கேட்டாள். அதைவிட அவளுக்கு உறுத்தியது மகனின் மீசை. மூத்த அண்ணன் இன்னும் மீசை வைக்காதிருக்கத் தம்பி வைக்கலாமோ என்றாள். யேல் பட்டதாரி மறுவார்த்தையின்றி நாவிதனிடம் சென்றார்.

இக்காட்சியைக் கண்டு நகைக்கலாம். நமக்கோ இதில் பெருமதிப்பு உண்டு. மூடப்பழக்கத்துக்கு அவர் தலைவணங்கினார் என்று சீர்திருத்தக்காரர் சிலர் குறைகூறக் கூடும். ஆனால் எட்டாண்டு கடல் கடந்திருந்த மகன், தாயின் உலகத்துக்குள் மறுபடி நுழைவதற்கு அன்று ஒரு சிறு வாயில் அகப்பட்டது. மீசை அதற்குக் கொடுத்த விலை. மொழியை இழந்தவருக்கு அவ்வாயில் கிடைத்தது தற்செயலே. கிடைக்காதவர் எத்தனையோ பேர்.

அந்த யுங் விங்கே பின்னர் சிங் அரசாங்கத்தை இணங்கச் செய்து, 1872 முதல் 1875 வரை ஆண்டுக்கு முப்பது பேராக நூற்றிருபது சிறுவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பெரும்பாலோர் குவாங்துங் பிள்ளைகள். நம் கோலாலம்பூர்ச் சீனருள் பலரின் பூர்வீகமும் அதுவே. பதினைந்தாண்டுக் காலத்துக்கு மகனை ஒப்படைப்பதாகவும், நோயாலோ விபத்தாலோ இறந்தால் அரசாங்கம் பொறுப்பல்லவென்றும் பெற்றோர் கையெழுத்திட்டனர். எத்தகைய பத்திரம்! ஒப்பந்தக் கூலியாய்க் கப்பலேறிய நம்மவர் கைநாட்டு வைத்த காகிதத்தை இது நினைப்பூட்டவில்லையா?

ஆயினும் யுங் விங் ஒரு நல்ல காரியம் செய்தார். அப்பிள்ளைகளைப் பெரிய கட்டடமொன்றில் மந்தையாக அடைக்கவில்லை. கனெக்டிகட்டிலும் மாசச்சூசெட்ஸிலும் இருந்த குடும்பங்களில் இருவர் மூவராகத் தங்கவைத்தார். ஹார்ட்பர்ட் நகரில் தலைமை நிலையம் ஒன்றிருந்தது. முறைவைத்து அங்கே வந்து சீனப் பாடம் படிக்கவேண்டும். மேசைத்தாயும் உண்டு, தாய்மொழியும் உண்டு என்பது ஏற்பாடு. பிள்ளைகள் பனியில் சறுக்கினர், பேஸ்பால் ஆடினர், பள்ளியில் பரிசு பெற்றனர். ஆனால் முதுகில் தொங்கிய பின்னற்சடை அவர்களுக்கு இடையூறாயிற்று. தெருப்பிள்ளைகள் கேலி செய்தனர். சடையை வெட்டுவதோ சிங் அரசுக்குத் துரோகம். சிலர் சட்டைக்குள் செருகினர், சிலர் வெட்டிக்கொண்டனர். சீனத்தை மறக்கின்றனர், தேவாலயம் போகின்றனர் என்று மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் எழுதினர். அமெரிக்காவோ ராணுவக் கலாசாலைகளில் அவர்களுக்கு இடம் மறுத்தது. 1881இல் யாவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். படிப்பை முடித்துப் பட்டம் பெற்றிருந்தவர் இருவரே. ஷாங்காய் துறைமுகத்தில் வரவேற்பில்லை. காவலோடு கொண்டுபோய்ப் பாழடைந்த கட்டடத்தில் சில நாள் அடைத்து வைத்தனர்.

அப்பட்டதாரிகள் இருவருள் ஒருவர் ஜான் தியென்யோ. பல ஆண்டு அவர் கற்ற கல்வியைப் பயன்படுத்துவார் இல்லை. பின்னர், 1905 முதல் 1909 வரை, பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து ரயில்பாதை போட்டவர் அவரே. அயல்நாட்டுப் பொறியாளர் துணையின்றிச் சீனர் அமைத்த பாதை என்று அதைப் போற்றுவர். ரயில்வேக்காரர் ஊரான பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. உடன் சென்ற தாங் ஷாவோயி 1912இல் குடியரசின் முதற் பிரதம மந்திரியானார். எனவே அவ்வனுப்புகை வீணென்று கூற நம்மால் இயலாது. ஆனால் அச்சிறுவர் யாருடைய பிள்ளைகளாக இருந்தனர்? அரசு தன் சொத்தென்றது. மேசைத்தாய் தன் மகனென்றாள். பெற்றோர் பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டனர். சடை யாருடையது என்று அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

இதே காலத்தில், இதே அமெரிக்காவில், இன்னொரு விடுதி திறக்கப்பட்டது. 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்னுமிடத்தில், பழைய படைவீடொன்றில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகப் பிராட் என்னும் படை அதிகாரி அதனைத் தொடங்கினார். ஹார்ட்பர்ட்டில் சீனச் சிறுவர் சடையைக் காக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், கார்லைலில் பூர்வகுடிச் சிறுவரின் நீண்ட தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டிருந்தனர். லகோட்டா இனத்து லூதர் ஸ்டாண்டிங் பேர் என்பவர் அங்கு சேர்ந்த முதற் பிள்ளைகளுள் ஒருவர். கரும்பலகையில் எழுதப்பட்ட பெயர்களுள் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னார்களென்றும், எழுத்தறியாத தாம் ஏதோ ஒன்றைத் தொட, அன்றுமுதல் அதுவே தம் பெயராயிற்றென்றும் அவர் எழுதியுள்ளார். அப்பள்ளி 1918இல் மூடப்பட்டது. அங்கே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எலும்புகளை அவரவர் குலத்தாரிடம் திருப்பித் தரும் வேலை 2017 முதல் நடைபெறுகின்றது.

ஈண்டு சீர்திருத்தக்காரராகிய நாம் சிறிது நின்று யோசிக்கவேண்டும். சடை வெட்டுதலை நாம் என்றும் ஆதரித்து வந்துள்ளோம். குடுமியைக் கத்தரித்துக்கொண்ட தமிழ் இளைஞனை முதுகில் தட்டிக் கொடுத்தோம். 1911 புரட்சியின் பின் சீனர் சடையறுத்ததைக் கொண்டாடினோம். அப்படியானால் கார்லைல் கத்தரிக்கோலை ஏன் வெறுக்கின்றோம்? மயிர் ஒன்றே, கத்தரியும் ஒன்றே. முந்தையவர் தாமே தலையைக் கொடுத்தார். பிந்தையவரின் தலையைப் பிறர் பிடித்துக்கொண்டனர். ஒருவன் தானே விட்டொழிக்கும் பழக்கம் அவனுக்கு விடுதலை. அவன் அழும்போது பறிக்கப்படும் பழக்கம், எத்தனை மூடமானதாயினும், கொள்ளையே.

"பிள்ளைக்குச் சம்மதம் ஏது? பத்து வயதில் அவன் என்ன அறிவான்?" என்று கேட்பர். வலிமையுள்ள கேள்வியே. மருந்து குடிக்கவும் எழுத்து படிக்கவும் பிள்ளையின் சம்மதத்துக்கு நாம் காத்திருப்பதில்லை. எந்தப் பள்ளி என்பதைப் பெரியவரே தீர்மானிக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தீர்மானம் பெரியவருடையதாக இருப்பதனாலேயே, அதன் பின் வருவது பிள்ளையுடையதாக இருத்தல் வேண்டும் என்கிறோம். நடப்பதை அவன் உள்ளபடி சொல்ல இயலவேண்டும்; சொன்னதைக் கேட்க ஒருவர் இருக்கவேண்டும்; வேண்டாமென்று அவன் திரும்பினால் திரும்பி வர வீடும் மொழியும் எஞ்சியிருக்கவேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் அவ்விடுதி, எத்தனை பரிசு பெற்றதாயினும், தகுந்ததன்று.

பெற்றோரின் விருப்பமொன்றே போதும் என்பாருக்கும் நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே விடையுண்டு. 1922இல் வ. வே. சு. ஐயர் திருநெல்வேலி ஜில்லாவின் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகக் குருகுலம் அமைத்தார். காங்கிரசின் பணமும் பிறர் பணமும் அதற்குச் சென்றன. உள்ளே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி. செய்தி வெளிவந்தபோது, அது அப்பிள்ளைகளின் பெற்றோர் விருப்பம், அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்றே காரணம் சொல்லப்பட்டது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை ஏற்கவில்லை. தமிழ்நாடு காங்கிரசே அதிர்ந்தது. இதன் விளைவுகளை வாசகர் அறிவர். நாம் இங்குக் கவனிக்கவேண்டியது ஒன்றே. இரு பெற்றோரின் விருப்பத்தை நிறைவேற்றிய அதே பந்தி, மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் தினம் மூன்று வேளை ஒரு பாடம் கற்பித்தது: நீ தாழ்ந்தவன் என்னும் பாடம். வகுப்பில் பாரத தேசத்தின் ஒற்றுமை. அடுக்களையில் மனுவின் சட்டம். பிள்ளை எதை நம்புவான்? பசித்த வயிறு கற்றதையே நம்புவான்.

ஆகையால் விடுதியைப் பார்க்கச் செல்லும் சீனப் பெற்றோரே, நூலகத்தைக் காட்டுவார்கள், சரி. சாப்பாட்டு அறையைக் கேளாமல் போய்ப் பாருங்கள். சீனப் பிள்ளைகள் ஒரு மூலையில் தனியாக அமர்ந்திருக்கின்றனரா? அப்படியானால் தாமே கூடினரா, ஒதுக்கப்பட்டனரா? தம்முள் சீனமொழி பேசினால் தண்டனை உண்டா? ஆங்கிலம் விரைவில் வரும் என்பதற்காகத் தாய்மொழியைத் தடுக்கும் விடுதிகள் உலகில் உண்டு. யுங் விங் இழந்த மொழியை அவர் இளைஞராயிருந்தமையால் மீட்டுக்கொண்டார். எல்லாராலும் அது முடியாது. இதே ஊரில், 1906இல் தோன்றிய கன்பூசியப் பள்ளியில் ஆசிரியராயிருந்த லிம் லியன் கியோக், தாய்மொழிக் கல்வி வேண்டுமென்று வாதாடியதற்காக 1961இல் குடியுரிமையையே இழந்தார். தமிழ்ப்பள்ளிக்காகப் போராடும் நாம் அவரை அயலார் என்று எண்ணவியலாது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே சையத் புத்ரா சாலையில் உள்ள, 1908இல் தோன்றிய குன் செங் பள்ளியும், 1919இல் தோன்றிய சோங் ஹுவா பள்ளியும், இவை போன்று நாடெங்கும் ஏறக்குறைய அறுபது சீனத் தனியார் உயர்நிலைப் பள்ளிகளும், சமூகத்தார் கொடுத்த பணத்தால் நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றில் விடுதியும் உண்டு. தரகர் இவற்றைச் சொல்லமாட்டார்; ஆங்கிலேயப் பெயர் தாங்கிய பள்ளியையே சொல்வார். பள்ளியிடமே தரகுப்பணம் பெறுகிறவர் வேறென்ன சொல்வார்? ஆங்கிலப் பள்ளி கூடாதென்பதன்று நம் கட்சி. கூலி எங்கிருந்து வருகின்றது என்று அறிந்து ஆலோசனை கேட்கவேண்டும் என்பதே.

அடுத்தது கடிதம். ரோல்ட் டால் என்னும் ஆங்கிலக் கதாசிரியர், 1925இல் ஒன்பது வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். ஞாயிறுதோறும் காலையில் பிள்ளைகள் யாவரும் வீட்டுக்குக் கடிதம் எழுதவேண்டுமாம். தலைமையாசிரியர் எழுத்துப்பிழை திருத்துவதாகச் சொல்லித் தோள்மேல் குனிந்து படித்துக்கொண்டே நடப்பாராம். பிழை திருத்த அல்ல, குறை எழுதாமல் தடுக்கவே அது என்று பிள்ளைகள் உணர்ந்திருந்தனர் என 1984இல் வெளிவந்த நூலில் அவர் கூறுகின்றார். வாரந்தவறாமல் தாய்க்குக் கடிதம் போய்க்கொண்டுதான் இருந்தது. உண்மை மட்டும் போகவில்லை. இன்று கடிதமில்லை, கைப்பேசி உண்டு. ஆனால் அது எந்நேரம் பூட்டப்படுகின்றது, பேசும்போது பக்கத்தில் எவர் நிற்கின்றார் என்பவை பழைய கேள்விகளே. இங்கிலாந்தில் இன்று விடுதிப்பள்ளிகளுக்கான அரசாங்க விதிகள், ஆசிரியரும் விடுதிப் பணியாளரும் அல்லாத ஒருவரைப் பிள்ளைகள் நேரே நாடிப் பேச ஏற்பாடு வேண்டுமென்று கட்டளையிடுகின்றன. அடிபட்டுக் கற்ற விதி அது. நம் நாட்டு விடுதிகளிலும் அப்படி ஒருவர் உண்டா, அவர் பெயர் பிள்ளைக்குத் தெரியுமா, அவரிடம் சீனமொழியில் அழ இயலுமா என்று கேட்டால், நல்ல பள்ளி நாணாது விடை சொல்லும்.

"துன்பப்பட்டால்தான் பிள்ளை உறுதிப்படுவான்" என்போர் நம்மிடையிலும் உண்டு. குருவின் வீட்டில் விறகு சுமந்து வித்தை கற்ற கதைகளை அவர்கள் அடுக்குவர். விறகு சுமப்பதில் தீங்கில்லை. தன்னை ஒருவரும் விசாரியார் என்று அறிந்து சுமக்கும் விறகே தோளை ஒடிப்பது. விடுதி வாழ்க்கையால் நன்மையே இல்லையென்றும் நாம் சொல்லோம். பிற இனத்துப் பிள்ளையோடு ஒரே அறையில் உறங்கி, ஒரே குழாயில் முகம் கழுவி வளர்ந்தவனுக்கு, சாதியும் இனமும் பேசுவோர் பேச்சு எளிதில் ஏறாது. சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜத்து இல்லத்தில் பல இனத்து ஆதரவற்ற பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்ததை நம் நாட்டார் அறிவர். அங்கே ஏழைக்கு இலவசமாகக் கிடைத்ததை வேறிடத்தில் செல்வர் விலை கொடுத்து வாங்க அலைவது ஒரு வேடிக்கை.

இன்னும் ஒன்றுண்டு, பலர் கடைசி வாரத்தில் நினைப்பது. விடுதி ஆண்டு முழுதும் திறந்திராது. பருவ விடுமுறை வரும், நோய் வரும், சீனப் புத்தாண்டுக்கு விமானச் சீட்டுக் கிடைக்காமற் போகும். அப்போது உள்ளூரில் ஒரு வீடு வேண்டும். பொறுப்பாளர் என்று பள்ளிப் பாரத்தில் ஒரு பெயரைத் தரகர் எழுதிவிடுகிறார். அம்மனிதரைப் பிள்ளை ஒருமுறையும் கண்டிரான். சுமந்த பிள்ளையை இறக்கி வைக்க இடமில்லாத தாய் அதை ஏற்றுக்கொள்கிறாள். இவ்விஷயத்தில் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் செய்யக்கூடியது உண்டு. உறவினர் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக் கொடுத்துப் படிக்கவைத்த ரயில்வே குடும்பங்களின் வழிவந்தவர் இன்னும் இங்கு இருக்கின்றனர். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு சேர்ந்து, ஊரறிந்த, விசாரித்தால் விடை சொல்லக்கூடிய இரண்டு மூன்று வீடுகளை ஏற்படுத்தினால், அயல்நாட்டுப் பிள்ளைக்குப் பள்ளி மதிலுக்கு வெளியே செவி ஒன்று கிடைக்கும். உணவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் சீனப் பிள்ளைக்கு அவன் தாய் கொடுப்பதும் அரிசிக் கஞ்சியே. அதனை ஆங்கிலேயர் அழைக்கும் பெயரும் நம் கஞ்சியினின்று போனதே.

அவ்வீட்டாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிள்ளையே மனப்பாடமாகச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அவனை அழைத்துவர யார் போவது, நள்ளிரவில் அவன் கூப்பிட்டால் எடுப்பவர் எந்த மொழியில் பேசுவார், ஓராண்டின் முடிவில் அவன் வேண்டாமென்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்னரே பெற்றோர் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.